விப்பெட் வளர்க்க நினைக்கும் வடசென்னைக்காரர்கள் முன்கூட்டியே அறிய வேண்டியவை

தண்டையார்பேட்டைத் தெருவில் விப்பெட் நாயைக் கயிற்றில் பிடித்து நடப்பவரிடம் எதிரே வருபவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "இது சிப்பிப்பாறையா?" என்பது முதல் கேள்வி. "சோறே போடறது இல்லையா?" என்பது அடுத்தது. நான்கு ஆண்டுகளாகச் சாம்பி என்ற சாம்பல் நிறப் பெண் விப்பெட்டை வளர்த்துவரும் எனக்கு இரண்டு கேள்விகளுமே பழகிவிட்டன. இந்த இனத்தை வாங்குமுன் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதி இந்தக் கேள்விகளுக்கான விடையிலேயே இருப்பதால், அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் தமிழ்நாட்டு வேட்டை நாய் இனங்களான சிப்பிப்பாறை, கன்னி ஆகியவற்றைப் போலவே விப்பெட்டும் மோப்பத்தைவிடக் கண்ணையே நம்பி வேட்டையாடும் நாய். ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், கூரிய முகம் என்ற அமைப்பு மூன்றுக்கும் பொதுவானது. ஆனால் விப்பெட் அவற்றைவிடக் குள்ளமானது, எடையும் குறைவு. பிரிட்டனின் தர வரையறைப்படி ஆண் 47 முதல் 51 சென்டிமீட்டர், பெண் 44 முதல் 47 சென்டிமீட்டர் உயரம் இருக்கும்; எடை பெரும்பாலும் 11 முதல் 18 கிலோ வரை. மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர் வேகத்தைச் சில நொடிகளில் எட்டிவிடும். நன்றாகப் பராமரித்தால் 12 முதல் 15 ஆண்டுகள் வாழும்.

இதன் தாயகம் வட இங்கிலாந்து. 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் இவற்றைத் தங்கள் சிறிய வீடுகளுக்குள்ளேயே வளர்த்து, விடுமுறை நாட்களில் நேரான ஓடுதளத்தின் ஒரு முனையிலிருந்து துணியை வீசிக் காட்டி, அதை நோக்கி ஓடவிட்டுப் பந்தயம் நடத்தினார்கள். ஏழைகளின் பந்தயக் குதிரை என்ற பெயர் அப்படி வந்தது. 1891இல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பான பிரிட்டனின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. பெரம்பூரில் பின்னி ஆலைச் சங்கு ஒலித்த காலத்தில் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளைப் போன்ற வீடுகளில்தான் இந்த நாய் உருவானது என்பதை எண்ணும்போது, ஓடுகிற நாய்க்குப் பெரிய தோட்டம் வேண்டுமே என்று தயங்குபவர்களுக்கு நான் தயங்காமல் பதில் சொல்வேன். இரண்டு அறை வீடு இதற்குப் போதும். நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும், குரைப்பதும் அரிது. காலையிலும் மாலையிலும் அரை மணி நேர நடையும், வாரத்தில் இரண்டொரு முறை சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் சில நிமிட ஓட்டமும் கிடைத்தால் நிறைவாக இருக்கும். அதே காரணத்தால், காவலுக்கு நாய் வேண்டும் என்பவர்களும், வாசலில் கட்டிப்போட நினைப்பவர்களும் இதை வாங்கக் கூடாது. தனியாக வெளியில் விடப்பட்ட விப்பெட் ஏங்கிப்போகும்.

இந்த நாய்க்கு நீங்கள் கட்டாயம் தர வேண்டியது எப்போதும் தாழிட்டிருக்கும் ஒரு கதவு. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் காரணம் விளங்கும். ஒரு நாள் காலை மெட்ரோ தண்ணீர் லாரி வந்து நின்றது. இரு கையிலும் குடத்தோடு வந்த என் தம்பி, கேட்டைக் காலால் தள்ளித் திறந்து உள்ளே வந்தான், தாழ்ப்பாள் போடவில்லை. திண்ணையில் சுருண்டு படுத்திருந்த சாம்பியின் காதுகள் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். எதிர்வீட்டு மதில்மேல் ஒரு பூனை நின்றிருந்தது. பெயரைச் சொல்லி இரண்டாவது முறை கூப்பிடுவதற்குள் சாம்பி லாரியின் முன்பக்கமாகத் தெருவைக் கடந்து மறைந்துவிட்டது. இருபது நிமிடம் கழித்து, அடுத்த தெருப் பையன் ஒருவன் ஓடிவந்து, "அண்ணா, உங்க நாய் ஐஸ் ஃபேக்டரிகிட்ட நிக்குது, தொடை கிழிஞ்சிருக்கு" என்றான். ஏதோ ஒரு தகரத்தின் விளிம்பு பட்டிருக்க வேண்டும். தோல் உள்ளங்கை நீளத்துக்குத் துணி கிழிந்ததுபோல் நேராகப் பிரிந்து தொங்கியது. உள்ளே தசை தெரிந்தது. ரத்தம் மிகக் குறைவு. சாம்பி வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கிக்கொண்டு, அமைதியாக என்னைப் பார்த்து நின்றது. பதினொரு தையல் போட வேண்டியிருந்தது.

வீட்டில் நாம் சொன்னபடி கேட்கும் விப்பெட்கூட, இரையைக் கண்டு பாய்ந்துவிட்ட பிறகு நம் குரலுக்குத் திரும்புவது அரிது. அது கீழ்ப்படியாமை ஆகாது. தலைமுறை தலைமுறையாக அதற்காகவே தேர்ந்து வளர்க்கப்பட்ட இயல்பு. எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிப் பக்கமும் கண்டெய்னர் லாரிகள் இடைவிடாது ஓடும் ஊரில் இந்த இயல்பு உயிருக்கே ஆபத்து. ஆகவே தெருவில் ஒருபோதும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். கயிறும் ஆறடிக்குள் இருக்கட்டும்; நீண்டுகொண்டே போகும் கயிறு வேண்டாம், அதன் முழு நீளத்துக்கும் வேகமெடுத்து ஓடிய நாய் திடீரென நிறுத்தப்படும்போது கழுத்து அடிபடும். விப்பெட்டின் தலை கழுத்தைவிடக் குறுகலானது என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை பின்னோக்கி இழுத்தால் கழன்றுவிடும். இழுக்கும்போது அளவாக இறுகும் அகலமான மார்ட்டிங்கேல் பட்டையை வாங்குங்கள். தெருநாய்க் கூட்டம் ஓடுகிற நாயைத்தான் துரத்தும் என்பதால், அவை நெருங்கும்போது நீங்களும் ஓடாமல், நாயை உடம்போடு ஒட்டிப் பிடித்தபடி மெதுவாக விலகுவது நல்லது. திருவொற்றியூர்க் கடற்கரையில் அலைதடுப்புக் கற்கள் கொட்டப்பட்டுள்ள பகுதிகளில் ஓடவிட எண்ண வேண்டாம். கற்களின் இடுக்கில் கால் சிக்கினால் எலும்பு முறியும்.

வடசென்னைக்கே உரிய இன்னொரு செய்தியும் உண்டு. நம் பகுதியில் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி புறாக் கூண்டுகள் இருக்கின்றன. பந்தயப் புறா வளர்ப்பவருக்கு ஒவ்வொரு பறவையும் பல மாத உழைப்பு. கூண்டு இருக்கும் மாடிக்கு உங்கள் நாயை அழைத்துச் செல்லாதீர்கள். குட்டி வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுப் புறாக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். மாடியில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. பறக்கிற புறாவைப் பார்த்த விப்பெட் கைப்பிடிச்சுவரைத் தாண்டிக் குதிக்கத் தயங்காது. கோழி, ஆடு, பூனை ஆகியவை வீட்டிலேயே இருந்தால், குட்டிப் பருவத்திலிருந்து சேர்த்து வளர்த்தால் ஓரளவு பழகும். அப்போதும் அவற்றைத் தனியே சேர்த்து விட்டுப் போக வேண்டாம்.

விப்பெட்டின் தோல் எவ்வளவு மெல்லியது என்பது சாம்பியின் காயத்திலேயே தெரிந்திருக்கும். வீட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, உடைந்த கிரில், ஆஸ்பெஸ்டாஸ் முனை எல்லாவற்றையும் குட்டி வருமுன் தேடிச் சரிசெய்யுங்கள். தோல் கிழிந்தால் மஞ்சள்தூளோ காப்பித்தூளோ அப்பக் கூடாது. உப்புநீரால் கழுவி, சுத்தமான ஈரத்துணியால் மூடி, அன்றைக்கே தையலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

தையலோ கருத்தடையோ எதுவானாலும் மயக்க மருந்து கொடுக்குமுன் மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விப்பெட் போன்ற பார்வை வேட்டை நாய்களின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. சில மயக்க மருந்துகளை அவற்றின் கல்லீரல் மெதுவாகவே சிதைக்கிறது. தயோபென்டோன் போன்ற பார்பிட்யூரேட் வகை மருந்து கொடுத்தால் மற்ற நாய்களைவிட நெடுநேரம் மயக்கத்திலேயே கிடக்கும். சாம்பிக்கு முதலில் தையல் போடப் போன இடத்தில் இதைக் கேட்டுக்கொள்ளாமலே ஊசியை எடுத்தார்கள். நான் கையைப் பிடித்து நிறுத்தி, வேறு மருந்து பயன்படுத்தும்படி கேட்டேன். அப்படிக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ரத்தப் பரிசோதனையிலும் இந்த இனங்களுக்குச் சிவப்பணு அளவு இயல்பாகவே கூடுதலாகவும், தைராய்டு அளவு குறைவாகவும் வருவது உண்டு. மற்ற நாய்களின் அளவோடு ஒப்பிட்டு, இல்லாத நோய்க்கு மாத்திரை தொடங்கிவிட நேரலாம். நமக்கு எட்டும் தொலைவிலேயே வேப்பேரியில், 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. சந்தேகம் வந்தால் அங்கே இரண்டாவது கருத்துக் கேட்கலாம்.

இனி, சோறு போடுவதில்லையா என்ற கேள்வி. ஆரோக்கியமான விப்பெட்டுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகளும், இடுப்பெலும்பின் மேடும் வெளியே தெரியத்தான் வேண்டும். தெருவே பரிதாபப்படுகிறதே என்று வயிறு உருளும்வரை ஊட்டினால் மெல்லிய கால்களும் இதயமும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். நாளுக்கு இருவேளை போதும். தின்ற பின் ஒரு மணி நேரமாவது ஓடவிடக் கூடாது. காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் மீன் நல்ல உணவுதான். ஆனால் வேகவைத்து முள்ளை முழுவதும் நீக்கிய பிறகே கொடுக்க வேண்டும். வெங்காயம் போட்ட குழம்பு, திராட்சை, சாக்லேட் ஆகியவை எந்த நாய்க்கும் நஞ்சு. பக்கத்து வீட்டுப் பாட்டி அன்போடு நீட்டும் மீன்குழம்புச் சோற்றை மறுப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். நான் பாட்டியிடம் வேகவைத்த முட்டையைக் கொடுத்து, அதையே ஊட்டச் சொல்லிவிட்டேன்.

குட்டை முடியும் மெலிந்த உடலும் இருப்பதால் பக், ஹஸ்கி போன்றவற்றைவிட விப்பெட் நம் வெயிலை நன்றாகவே தாங்கும். ஆனாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரை நடையைக் காலை ஆறு மணிக்கு முன்பும் மாலை ஏழுக்குப் பின்பும் வைத்துக்கொள்ளுங்கள். புறங்கையைத் தார்ச் சாலையில் ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அதைத் தாங்காது. விடாமல் மூச்சிரைத்து, கெட்டியாக எச்சில் வடிந்து, தள்ளாடினால் வெப்பத் தாக்கம். குழாய்த் தண்ணீரை உடம்பில் ஊற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மார்கழி விடியலில் இதே நாய் குளிரில் நடுங்கும். பழைய டி-ஷர்ட் ஒன்றைப் போட்டுவிட்டால் போதும். எலும்பின்மேல் சதை குறைவு என்பதால் வெறும் தரையில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்துவிடும்; இலவம்பஞ்சு மெத்தையைச் சிறிதாகத் தைத்துக் கொடுங்கள், அதற்கு உறை தைக்கும் பருத்தித்துணி வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் குறைந்த விலைக்கே கிடைக்கும். வழுக்கும் டைல்ஸ் தரையில் திரும்பும் இடங்களில் மிதியடி விரிப்பதும் அவசியம்.

மழைக்காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாட்கணக்கில் நீர் நின்றதை நாம் மறக்கவில்லை. எலி மூத்திரம் கலந்த அந்த நீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதைத் தொடும் நமக்கும் வரும்; ஆண்டுதோறும் அதற்கான தடுப்பூசி போட்டுவிடுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்குப் பருவமே இல்லை. காதின் உட்புறம், விரலிடுக்கு, வாலடி ஆகியவற்றை நாள்தோறும் தடவிப் பாருங்கள். குட்டை முடி என்பதால் இரண்டு நிமிட வேலைதான். உண்ணி ஊசியைக் கடையில் வாங்கி நீங்களே போடுவது கூடாது.

வாங்கும்போது தாய்நாயை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. சிப்பிப்பாறைக் கலப்பை விப்பெட் என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. அந்தக் கலப்புக் குட்டி நல்ல நாயாகவே இருக்கும், ஆனால் வளர்ந்தபின் நீங்கள் எதிர்பார்த்ததைவிட உயர்ந்து நிற்கும். இந்தியக் கென்னல் கிளப் சான்றிதழில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாய் வளர்ப்பதற்கான மாநகராட்சி உரிமத்துக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று தேவை. திருவொற்றியூர், மணலி, மாதவரம் ஆகியவையும் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டதால் அங்கு வசிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

சாம்பி ஓடிப்போன அன்று மாலையே எங்கள் வாசலில் இரண்டாவது கேட் ஒன்றை வைத்தோம். நான்கடி இடைவெளியில் இரண்டு கேட்டுகள். ஒன்றைத் தாழிட்ட பிறகே மற்றொன்றைத் திறப்பது என்பதைத் தண்ணீர் பிடிப்பவர்கள் முதல் பால் போடுபவர் வரை எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். பட்டறையில் பழைய கிரில்லை வெட்டிச் செய்தால் செலவு அதிகமில்லை. கம்பிகளுக்கிடையே மூன்று விரலுக்கு மேல் இடைவெளி விடாமல், குட்டியின் தலை நுழையாத அளவில் செய்யச் சொல்லுங்கள். உயரம் ஐந்தடிக்குக் குறைய வேண்டாம். அதை மாட்டி, வீட்டில் உள்ளவர்கள் ஒரு வாரம் பழகிய பிறகு குட்டியை அழைத்து வாருங்கள்.