வான்தாக்குதலில் இறந்தோரைப் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை உள்நாட்டுப் போரில் குண்டுவீச்சுக்குப் பலியான பொதுமக்களின் விவரங்களை ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர் நாடுகளில் வளர்ந்த பிள்ளைகளும் இப்போது திரட்டுகிறார்கள். அவசியமான வேலை, அவசரமானதும்கூட. நேரில் கண்டவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. ஆனால் கவனமில்லாமல் தயாரித்த பட்டியல், "அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்பவர்களுக்கே கை கொடுத்துவிடும். ஒரு பெயர் பிழையென்று பிடிபட்டால், மற்ற அத்தனை பெயர்களையும் அதைக் காட்டியே தள்ளிவிடுவார்கள்.

பெரும்பாலானோர் செய்யும் தவறு, எண்ணிக்கையிலிருந்து தொடங்குவது. யாழ்ப்பாணத்திலுள்ள நவாலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 ஜூலை 9, ஞாயிறு மாலை 4.30 மணியளவில் சென் பீற்றர்ஸ் தேவாலயத்தின் மீதும் அதைச் சுற்றிலும் குண்டுகள் விழுந்தன. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் உடனடியாக வெளியிட்ட அறிக்கையில் 65 பேர் இறந்ததாகவும் 150 பேர் காயமடைந்ததாகவும் இருந்தது. இடிபாடுகளுக்குள் இன்னும் உடல்கள் கிடப்பதாகவும் அதே அறிக்கை சொன்னது. பின்னால் வந்த பட்டியல்களில் தொகை 120ஐயும் தாண்டியது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. வேறு வேறு நேரத்தில் எண்ணப்பட்டவை. யார், எங்கே, எந்த நாளில் எண்ணினார்கள் என்பதைத் தொகையோடு சேர்த்து எழுதாவிட்டால் இது முரண்பாடாகத்தான் தெரியும். இருப்பதில் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுப்பதும் அதே அளவு கேடு. 2006 ஆகஸ்ட் 14 அன்று மாணவிகள் தங்கியிருந்த செஞ்சோலை வளாகத்தின் மீது நடந்த வான்தாக்குதலில் முதலில் வெளிவந்த எண் 61. பெயர் பெயராகச் சரிபார்த்தபோது அது குறைந்தது. அந்த 61ஐ இன்றும் திரும்பத் திரும்ப எழுதுவதால் இறந்துபோன பிள்ளைகளுக்கு எந்த நன்மையும் இல்லை. பெயர்களை எழுதுங்கள், தொகை தானாக வரும்.

பெயர் என்று வரும்போதுதான் நம் பட்டியல்கள் அதிகம் சறுக்குகின்றன. திருமணத்துக்கு முன் தந்தையின் முதலெழுத்து, பின் கணவனின் முதலெழுத்து. ஒரே பெண் இரண்டு பட்டியல்களில் இரண்டு பேராகிவிடுவார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது வேறு. ஆஸ்பத்திரிக் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் மூன்றாவது வடிவம் ஒன்று பிறக்கும். தந்தை, தாய் பெயர், வயது, சொந்த ஊர், யாருடன் இருந்தார் ஆகிய ஐந்தையும் ஒப்பிடாமல் இரண்டு பதிவுகளை ஒன்றாக்கவும் வேண்டாம், தனித்தனி என்று முடிவு கட்டவும் வேண்டாம். பெயர் வைக்கும் முன்பே இறந்த குழந்தைக்கும் தனி வரி வேண்டும். தாயின் பெயரோடு எழுதுங்கள்.

குண்டு விழுந்த ஊரில் மட்டும் விசாரிப்பது இன்னொரு தவறு. நவாலியில் இறந்தவர்களில் பலர் அந்த ஊரவர் அல்ல. அன்று வலிகாமத்தில் தொடங்கிய இராணுவ நடவடிக்கைக்குத் தப்பி இடம்பெயர்ந்து வந்தவர்கள். நவாலி விதானையாரின் (கிராம அலுவலரின்) பதிவில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். சொந்த ஊருக்குப் போக வேண்டும், பிறகு அந்தக் குடும்பம் எங்கே சிதறியதோ அங்கேயும். ஊர்ப் பெயரை மாவட்டத்தோடு எழுதுங்கள். 1995 செப்டம்பர் 22இல் பாடசாலை தாக்கப்பட்ட நாகர்கோவில் யாழ்ப்பாண மாவட்டத்தின் வடமராட்சி கிழக்கில் இருக்கிறது, கன்னியாகுமரி மாவட்டத்தில் அல்ல. செஞ்சோலை இருந்த வல்லிபுனம் முல்லைத்தீவில், வல்லிபுரம் வடமராட்சியில். ஓர் எழுத்து மாறினால் சம்பவமே இடம் மாறிவிடும்.

நேரத்தில் உள்ள சிக்கல் இளையவர்கள் பலருக்குத் தெரியாது. 1996 மேயில் அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன் தள்ளியது. அக்டோபரில் அதை அரை மணித்தியாலமாகக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. 2006 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் மறுபடி ஒரே நேரம் வந்தது. இடைப்பட்ட பத்தாண்டில் ஒரே குண்டுவீச்சு ஓர் அறிக்கையில் காலை 7 என்றும் மற்றொன்றில் 7.30 என்றும் இருக்கலாம். அதை இரண்டு தாக்குதலாக எண்ணிவிடக் கூடாது. "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டால் அந்தக் காலத்து ஆட்களுக்கு உடனே புரியும்.

விமானத்துக்கும் இதே எச்சரிக்கை. 1995 சம்பவத்தைச் சொல்லும்போதும் "கிபிர் வந்து அடிச்சது" என்பவர்கள் உண்டு. கிபிர் என்ற ஜெட் போர் விமானம் இலங்கை விமானப்படையில் சேர்ந்தது 1996 தொடக்கத்தில்தான். நவாலியில் குண்டு போட்டது புக்காரா என்ற வேறு வகை விமானம் என்பது அக்காலச் செய்தி. சொல்பவர் பொய் சொல்லவில்லை, பிற்காலத்தில் எல்லாப் பொம்மரும் (குண்டுவீச்சு விமானமும்) அவருக்குக் கிபிர் ஆகிவிட்டது. அவர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே எழுதுங்கள். விமானத்தின் வகைக்கு வேறு ஆதாரம் கிடைத்தால் அதைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள். சாட்சியத்தைத் திருத்தி எழுதும் உரிமை நமக்கு இல்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, சங்கடமான தகவலை மறைப்பது. செஞ்சோலையைப் புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசு. இறந்தவர்கள் பயிற்சிநெறி ஒன்றுக்கு வந்த மாணவிகள் என்றது யுனிசெப். அங்கே போய்ப் பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு இராணுவ நிலைகளுக்கான அடையாளம் எதையும் காணவில்லை என்றது. இவ்வளவு வலுவான ஆதாரம் இருக்கும்போது, பயிற்சியை நடத்தியது யார், அருகில் ஆயுததாரிகள் இருந்தார்களா போன்ற கேள்விகளுக்கு ஏன் பயப்பட வேண்டும்? கிடைத்த பதிலை அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் போராளி ஒருவர் இருந்ததால் ஒரு மாணவி பொதுமகள் இல்லையென்று ஆகிவிட மாட்டார். மாறாக, நீங்கள் விட்டதை எதிர்த்தரப்பு கண்டுபிடித்தால் உங்கள் பட்டியலை எவரும் நம்ப மாட்டார்கள். இறந்தவர்களில் ஆயுததாரிகள் இருந்தால் அதையும் குறித்து, தனியாக எண்ணுங்கள்.

போர் முடிந்த 2009ஐத் தொடுபவர்கள் இரண்டு விஷயங்களைக் கலக்கக் கூடாது. கடைசி மாதங்களில் பெரும்பாலானோரைக் கொன்றது ஷெல்லடி, அதாவது தரையிலிருந்து ஏவும் பீரங்கிக் குண்டுகள். எல்லாவற்றையும் விமானத்தின் கணக்கில் எழுதினால் ஆதாரம் நிற்காது. அதேபோல, எண்ணியதும் மதிப்பிட்டதும் ஒன்றல்ல. இலங்கையிலிருந்த ஐ.நா. குழு 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 இறப்புகளைக் கணக்கிட்டிருந்தது. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு 40,000 வரை இருக்கலாம் என்றது மதிப்பீடு. முதலாவது, அந்த நெருக்கடிக்குள் உறுதிப்படுத்த முடிந்த அளவு மட்டுமே.

காணொளிகளை இணையத்தில் ஏற்றிவிட்டதோடு இருந்துவிடாதீர்கள். 2017இல் யூடியூபின் தானியங்கி முறை சிரியப் போரின் பதிவுகளைப் பெருமளவில் நீக்கியது. மூலக் கோப்பை இரண்டு மூன்று இடங்களில் வைத்திருங்கள். சாட்சியைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். ஒருவர் சொல்வது அடுத்தவரின் நினைவாகிவிடும். "எத்தனை குண்டு விழுந்தது, ஆறா?" என்று எண்ணை நீங்களே எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பொதுப் பட்டியலில் ஒருபோதும் போடாதீர்கள். ஊரில் இருப்பவருக்கு அது எப்படித் திரும்பும் என்று ரொறன்ரோவில் இருந்து ஊகிக்க முடியாது.

வெளியிட்ட பிறகு பிழை தெரிந்தால் சத்தமில்லாமல் அழிக்க வேண்டாம். என்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில், எந்த ஆதாரத்தால் என்று அந்தப் பெயரின் கீழேயே எழுதி, பழைய பதிப்பையும் எவரும் பார்க்கும்படி வைத்திருங்கள்.