‘சரிங்கண்ணா’ என்ற பதிலும் கோடு ரிவ்யூவும்

சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகே ஒரு மாடியில் ஆறு பேர் கொண்ட குழுவாக அமர்ந்து, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், கோடு ரிவ்யூ என்ற வழக்கம் எங்களிடம் பெயரளவில் இருந்தது. ஒருவர் எழுதிய நிரலைப் பிழை இருக்கிறதா என்று மற்றொருவர் திறந்து பார்ப்பார், ‘ஓகே’ என்று குறிப்பார், நிரல் சேர்ந்துவிடும். ஒருமுறை, ஒவ்வொரு ஜோடிக் கொலுசின் எடையையும் ஒரே ஒரு தசம இடத்தோடு வெட்டிவிட்டு அதன் பிறகு கூட்டும்படி நான் எழுதியிருந்தேன். ஜோடிக்கு 0.04 கிராம் விடுபட்டால் 40 ஜோடி உள்ள பில்லில் 1.6 கிராம் வெள்ளி கணக்கிலிருந்து மறைந்துவிடும். சேதாரத்தை அத்தனை கறாராகப் பேசி முடிக்கும் தொழிலில் இது சிறிய பிழை அல்ல. ஒரு பட்டறைக்காரர் தொலைபேசியில் கேட்ட பிறகே எடையை முழு எண்ணாக, மில்லிகிராமில் சேமிக்கும்படி மாற்றினோம். ஆனால் என்னை அதிகம் உறுத்தியது பிழை அல்ல. அந்த நிரலை ரிவ்யூ செய்தவர் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதமே ஆன இளைஞர். அந்த வரியைப் பார்த்தபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. “அண்ணன் எழுதினா ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேங்க” என்றார்.

எங்கள் பக்கத்தில் ‘சரிங்கண்ணா’ என்ற சொல், ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதைவிட ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பதற்கே நெருக்கமானது. அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு நடத்தப்படும் ரிவ்யூ, ரிவ்யூவே அல்ல. மூத்தவரின் நிரலில் இளையவர் குறை காண்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணத்தைப் பேசிப் போக்க முடியாது என்பது என் அனுபவம். “பயப்படாம சொல்லுங்க” என்று எத்தனை முறை சொன்னாலும் அதற்கும் ‘சரிங்கண்ணா’ என்றே பதில் வரும். ஆகவே மனத்தை மாற்ற முயலாமல், சொல்லாமல் இருப்பதைவிடச் சொல்வது எளிதாகும்படி நடைமுறையை மாற்றுங்கள்.

முதலில் அளவைக் குறையுங்கள். ஒரே அமர்வில் 200 முதல் 400 வரிகளுக்கு மேல் பார்த்தால் கவனம் சிதறும் என்பது இந்தத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. 1,500 வரிகளை ஒன்றாகக் கொடுத்தால், அனுபவம் உள்ளவரே மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ‘ஓகே’ சொல்வார். புதியவரைக் கேட்கவே வேண்டாம். நேரத்தையும் யோசித்து வையுங்கள். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால், ஆத்தூருக்கும் ஓமலூருக்கும் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் எதையும் ஒப்புக்கொண்டு கிளம்பவே பார்ப்பார்கள். நாங்கள் காலை பதினொரு மணிக்கு, டீ குடித்து முடித்தவுடன் வைத்துக்கொண்டோம்.

அடுத்தது, நிரலை எழுதியவர் விளக்கக் கூடாது. எழுதியவர் விளக்கத் தொடங்கினால், தான் எழுத நினைத்ததைத்தான் சொல்வார்; கேட்பவர்களும் திரையில் உள்ளதை விட்டுவிட்டு அந்தக் குரலைப் பின்தொடர்வார்கள். வேறொருவர், முடிந்தால் குழுவில் வயதில் இளையவர், ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று தமிழில் சொல்லட்டும். அவர் குறை கண்டுபிடிக்க வேண்டியதில்லை, படித்துச் சொன்னால் போதும். ஆனால் “இங்க எடையை வாங்குதுங்க, இங்க வெட்டுதுங்க, அப்புறம் கூட்டுதுங்க” என்று வாய்விட்டுச் சொல்லும்போதே கேட்பவர்களில் யாருக்காவது பொறி தட்டும். பிழையைக் காட்டியது வாசிப்பே தவிர வாசித்தவர் அல்ல என்பதால், மரியாதைக்கும் பங்கம் வராது. கருத்துச் சொல்லும் வரிசையும் இளையவரிடமிருந்தே தொடங்க வேண்டும். மூத்தவர் முதலில் வாய் திறந்துவிட்டால் மற்றவர்கள் அவர் சொன்னதையே வேறு சொற்களில் திரும்பச் சொல்வார்கள்.

இனிச் சொற்களுக்கு வருவோம், ஏனென்றால் பெரும்பாலான மனத்தாங்கல் இங்கேதான் தொடங்குகிறது. “ஏன் இப்படி எழுதினீங்க?” என்ற கேள்வி, எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும், பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாதவனை நிறுத்திக் கேட்டது போலவே காதில் விழும். ‘ஏன்’ என்ற சொல்லை ரிவ்யூவில் தவிர்த்துவிட்டு, நிரலை எழுவாயாக வைத்துக் கேளுங்கள்: “எடை காலியாக வந்தால் இந்த வரி என்ன செய்யும்?” “ஒரே பில்லில் இரண்டு செய்கூலி இருந்தால் எது பதிவாகும்?” இந்தக் கேள்விகளுக்கு எழுதியவர் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியதில்லை, நிரலை ஓட்டிப் பார்த்தால் போதும். நிரலாளர் தன் நிரலைத் தன்னுடைய நீட்சியாகவே காண்பதால்தான் அதில் பிழை இருப்பதை ஏற்க மறுக்கிறார் என்று, நிரலாளர்களின் உளவியலைப் பற்றி நூல் எழுதிய ஜெரால்டு வெயின்பெர்க் 1971-லேயே எழுதினார். அண்ணன், அக்கா என்ற முறை வைத்து அழைக்கும் நம் அலுவலகங்களில் அந்த நீட்சி இன்னும் ஒரு முழம் கூடுதல் என்றே சொல்வேன்.

ரிவ்யூவில் வெளிவந்த பிழைகளை எண்ணி வைத்துச் சம்பள உயர்வின்போது எடுக்கும் மேலாளர் இருந்தால், மேலே சொன்ன எதுவும் பயன்படாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் நிரல் ஆய்வு முறையை வகுத்து 1976-இல் வெளியிட்ட மைக்கேல் ஃபேகன் இதைத் தெளிவாகவே எச்சரித்திருக்கிறார்: ஆய்வின் முடிவுகளை ஆளின் திறமையை மதிப்பிடப் பயன்படுத்தக் கூடாது. கூட்டத்தில் பிழையைக் கண்டுபிடிப்பது மட்டுமே வேலை, தீர்வைத் தேடுவது பிறகு என்பதும் அவர் முறையில் உண்டு. அதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் தீர்வைப் பற்றிய விவாதம் தொடங்கினால் அனுபவம் உள்ள இருவர் மோதிக்கொள்வார்கள், மற்ற நால்வர் கைப்பேசியைப் பார்ப்பார்கள்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்களில், யார் எந்த வரியை எழுதினார் என்று காட்டும் கட்டளைக்கு ‘பிளேம்’, அதாவது பழி, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றான சப்வெர்ஷனில் அதே கட்டளைக்கு ‘பிரெய்ஸ்’, பாராட்டு, என்றும் ஒரு மாற்றுப் பெயர் உண்டு. எந்தப் பெயரில் அழைத்தாலும், கூட்டம் நடக்கும்போது பெரிய திரையில் அதை ஓட்டாதீர்கள்.

இரண்டு செயல்களைச் செய்து பார்த்துக் கைவிட்டேன். ஒன்று, இளையவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமென்றே பிழை வைத்து எழுதியது. அது தெரிந்த நாளிலிருந்து அவர்கள் ஒவ்வொரு ரிவ்யூவையும் தேர்வாகவே பார்த்தார்கள். மற்றொன்று, குழுவை வேனில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு அழைத்துப் போனது. படகுத் துறையில் எல்லாரும் மனம்விட்டுப் பேசினார்கள். திங்கட்கிழமை காலை மறுபடியும் ‘சரிங்கண்ணா’தான். சுற்றுலா போக வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை ரிவ்யூவுக்கு மருந்தாக நினைக்க வேண்டாம் என்கிறேன்.

பலன் தந்தது, முதல் சில வாரங்கள் என் நிரலை மட்டுமே மேசைக்குக் கொண்டுவந்தது. பழைய, அரைகுறையான, எனக்கே வெட்கம் தரும் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தேன். வாரம் ஒருமுறை, அரை மணி நேரம். முதல் மூன்று கூட்டங்களில் மாறிகளுக்கு (நிரலில் மதிப்புகளைச் சேமிக்கும் இடங்களுக்கு) வைத்த பெயர்களைப் பற்றியும் எழுத்துப் பிழைகளைப் பற்றியும் மட்டும் பேச்சு வந்தது. அதற்கும் நன்றி சொல்லி, அவர்கள் கண்முன்னே திருத்தினேன். நான்காவது வாரம் அந்த இளைஞர் கேட்டார்: “அண்ணா, பில்லை ரத்து பண்ணினா ஸ்டாக்குல எடை திரும்ப ஏறுதுங்களா?” ஏறவில்லை. இப்படி ஒரு கேள்வி வரும்போது உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். கேட்டவர் பெயரிலேயே பதிவு செய்து, அதைச் சரிபார்க்கும் சோதனை நிரலையும் அவரையே எழுதச் சொல்லி, அவர் சொல்லும் முடிவுக்காகக் காத்திருங்கள்.