பெர்மிட் சேதி: நாள் பார்க்காமல் நம்பினால் வரும் வினை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவரும் சரி, டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரும் சரி, வெளிநாட்டுத் தொழிலாளருக்கான வேலை அனுமதியான பெர்மிட் பற்றிய சேதியைப் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் தெரிந்துகொள்கிறார்கள். "பெர்மிட் திறந்தாச்சு, சீக்கிரம் பாருங்க" என்று ஒரு குரல்பதிவு வரும். எந்தத் துறைக்கு, எந்த நாளிலிருந்து, எதுவரைக்கும் என்பது மட்டும் அதில் இருக்காது. ஓராண்டு பழைய பதிவாகக்கூட இருக்கும்.

இதில் அதிகம் பேர் ஏமாறுவது மன்னிப்புத் திட்டங்களில். 2023 ஜனவரியில் தொடங்கிய ஆர்டிகே 2.0 என்ற தொழிலாளர் மறுசீரமைப்புத் திட்டத்தில், பெர்மிட் இல்லாதவர்கள் முதலாளி மூலம் பதிந்து இங்கேயே வேலை செய்ய வழி இருந்தது. 2024 மார்ச்சில் வந்தது வேறு. அது தண்டம் கட்டிவிட்டு ஊருக்குத் திரும்பும் திட்டம். அதன் இரண்டாம் சுற்று 2025 மே 19 முதல் 2026 ஏப்ரல் 30 வரை என்று அறிவித்தார்கள். நாள் கடந்து தங்கியவருக்கு 500 ரிங்கிட், பாஸ் (தங்கும் அனுமதி) நிபந்தனையை மீறியவருக்கு 300. ஊர்ப் பேச்சில் இரண்டு திட்டமும் ஒன்றாகிவிடுகிறது. பெர்மிட் கிடைக்கப்போகிறது என்று ஏஜெண்டிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்தவர், கடைசியில் விமான டிக்கெட்டுக்கு அலைவார். இத்தனைக்கும் திரும்பும் திட்டத்துக்கு ஏஜெண்டே தேவைப்படவில்லை. நேராகக் குடிநுழைவு அலுவலகத்துக்கே போக முடிந்தது.

அடுத்தது விசா இல்லாத வருகை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா எடுக்காமல் 30 நாள் வரை வந்து போகலாம். நல்ல சலுகைதான், ஆனால் வேலை செய்வதற்கு அல்ல. புதுக்கோட்டையிலிருந்து தங்கச்சி மகன் வருகிறான் என்று வையுங்கள். மறுநாள் காலை கடையில் கூட்டம். "தம்பி, தோசைக்கல்லைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்கிறார் மாமா. சம்பளமா கொடுக்கிறோம், சொந்தப் பிள்ளைதானே என்று அவருக்குத் தோன்றும். சோதனைக்கு வரும் அதிகாரி அப்படிப் பார்க்கமாட்டார். தோசைத் திருப்பியும் கையுமாக நிற்கும் ஓர் ஆளையும், அவன் பாஸ்போர்ட்டில் இருக்கும் வருகை முத்திரையையும்தான் பார்ப்பார். குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவின்படி, பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு ஆள் ஒருவருக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து பேருக்கு மேல் போனால் பிரம்படி வரை போகும்.

வருகிறவர் பயணத்துக்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் அரசாங்கத்துடையது அல்ல, மூடிவிடுங்கள்.

வேலைக்கென்றே வருகிறவர்களுக்கு ஊரிலேயே ஒரு படி இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் இந்திய பாஸ்போர்ட் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகையில் வரும். அப்படிப்பட்டவர் மலேசியாவுக்கு வேலைக்குக் கிளம்புமுன் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். ஏஜெண்டும் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிந்தவராக இருக்க வேண்டும். "டூரிஸ்ட்டா போய் அங்க மாத்திக்கலாம்" என்று ஏஜெண்ட் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

இனி சம்பளச் சீட்டு. விதி மாறினால் அது இங்கேதான் முதலில் தெரியும், ஆனால் பலர் கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் தொடங்கி, ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளுக்கும் பொருந்துகிறது. வீட்டு வேலைக்கு விலக்கு. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் ஈபிஎஃப் (சேமநிதி) கட்டாயம்: ஆளிடம் 2 விழுக்காடு, முதலாளியிடம் 2 விழுக்காடு. 1,700-க்கு 34 ரிங்கிட் பிடித்திருந்தால் பதற வேண்டாம், அது உங்கள் பெயரில் சேரும் பணம். பதற வேண்டியது சீட்டில் இருக்கும் இன்னொரு பிடித்தத்துக்கு. தீபகற்பத்தில் வெளிநாட்டுத் தோட்டத் தொழிலாளிக்கு அரசுக்குக் கட்டும் ஆண்டுக் கட்டணமான லெவி 640 ரிங்கிட். 2018-இலிருந்து அதைக் கட்ட வேண்டியது முதலாளி. மாதம் ஐம்பது சொச்சம் 'லெவி' என்று உங்கள் சீட்டில் கழிந்தால் கிராணியிடம் (தோட்டத்துக் கணக்கரிடம்) கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

தோட்டத்துப் பெர்மிட்டை வைத்துக்கொண்டு, டவுனில் சம்பளம் கூட என்று கடைக்கு மாறுவதும் வழக்கமாக நடக்கிறது. பெர்மிட் அந்த முதலாளிக்கும் அந்தத் துறைக்கும் கொடுத்தது. மாறிய அன்றே அது உங்களைக் காப்பாற்றாது.

அப்புறம் பாஸ்போர்ட். "பத்திரமா இருக்கட்டும்" என்று முதலாளி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டுவது இன்னும் இருக்கிறது. அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1966 பாஸ்போர்ட் சட்டத்தில் குற்றம். போதாததற்கு, பூட்டிக் கிடக்கும் பாஸ்போர்ட்டின் காலாவதி நாளை யாரும் பார்ப்பதில்லை. பெர்மிட் புதுப்பிக்கப் போகும்போதுதான் அது முடியப்போவது தெரியும். புது பாஸ்போர்ட்டுக்குத் தூதரகம் வழியாக அலைந்து முடிப்பதற்குள் பெர்மிட் நாளும் போய்விடும். பாஸ்போர்ட் பக்கத்தைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள், பாஸ்போர்ட், பெர்மிட் இரண்டும் முடியும் நாளுக்குப் பல மாதம் முன்பே நினைவூட்டலும் போட்டுவிடுங்கள்.