நெஞ்செரிச்சல் இருக்கிறவர்கள் ஸ்லீவுக்குத் தேதி வாங்கும் முன்

ஐந்து வருஷம் மூன்று தலையணை அடுக்கித்தான் படுத்தேன். ராத்திரி இரண்டு மணிக்குப் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறும். இருமிக்கொண்டே எழுந்து உட்காருவேன். எடை 112 கிலோ. நாத்தனார் எடை குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்து ஆளே பாதியானதைப் பார்த்து, "எனக்கும் அதே" என்று போய் நின்றேன். முதலில் பார்த்த டாக்டர் எரிச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நேராகத் தேதி கொடுத்துவிட்டார். பணம் புரட்ட ஒரு மாதம் ஆனதால் தப்பித்தேன்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒல்லிக் குழாயாகத் தைக்கிறார்கள். கீழ்வாசல் அப்படியே இருக்கும். பெப்சி ஐஸ் பாக்கெட்டின் மேல்நுனியைக் கடித்துவிட்டு அமுக்கினால் எங்கே பீறிடும்? அதுதான் கதை. இரண்டாவது டாக்டர் 2018-ல் வந்த சுவிஸ் ஆய்வு ஒன்றைச் சொன்னார். முன்பே எரிச்சல் இருந்தவர்களை ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது, ஸ்லீவ் செய்தவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு அது கூடியிருந்தது. எடை குறைக்கும் இன்னொரு ஆபரேஷனான இரைப்பை பைபாஸில் 6 பேருக்குத்தான்.

அதனால் முதலில் எண்டோஸ்கோப்பி. ரிப்போர்ட்டில் மூன்றைத் தேடுங்கள்: உணவுக்குழாய்ப் புண் எந்த கிரேடு (ஏ லேசு, டி மோசம்), இரைப்பை மேலே ஏறிய ஹெர்னியா உண்டா, பாரட் மாற்றம் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போவது) உண்டா. எனக்கு கிரேடு சி, கூடவே ஹெர்னியா. அங்கேயே ஸ்லீவ் பேச்சு முடிந்துவிட்டது. ஏ, பி என்று வந்து சந்தேகமாக இருந்தால் 24 மணிநேர பிஹெச் டெஸ்ட் கேளுங்கள், உணவுக்குழாயில் அமிலம் எவ்வளவு நேரம் ஏறி நிற்கிறது என்று அளப்பது. என் தங்கை அதைச் செய்துகொண்டாள். ஒரு வாரம் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், அந்த வாரம்தான் நரகம். டெஸ்ட் அன்று மூக்கு வழியாக மெல்லிய ஒயர், இடுப்பில் ஒரு பெட்டி. எரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். பத்தியம் வேண்டாம், வழக்கமான புளிக்குழம்பையே சாப்பிடுங்கள். நல்ல பிள்ளையாகத் தயிர்சாதம் சாப்பிட்டால் டெஸ்டும் நல்லபிள்ளையாகத்தான் வரும். அமிலம் 6 சதவீத நேரத்துக்கு மேல் ஏறியிருந்தால் வியாதி உறுதி.

மினி பைபாஸ் என்று ஒன்றும் சொல்வார்கள். தையல் ஒன்றுதான், நேரமும் குறைவு. ஆனால் பித்தம் இரைப்பைப் பை வரை வந்து போக வழி இருக்கிறது. புளிப்பு போய்க் கசப்பு வந்தால் என்ன லாபம்? என்னைப் போல ஹெர்னியாவும் புண்ணும் இருப்பவர்களுக்கு ரூ-என்-ஒய் பைபாஸ்தான் சரி. முட்டையளவு சின்னப் பை, அதோடு நேராகக் குடல். பித்தம் ரொம்பக் கீழேதான் வந்து சேரும். ஹெர்னியாவையும் அதே ஆபரேஷனில் தைத்துவிடுவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பைபாஸ் ஒன்றும் சும்மா வராது. பி12, இரும்பு, கால்சியம் ஆயுசுக்கும் விழுங்கணும். மைசூர்பாகு ஒரு துண்டு சாப்பிட்டதற்கே வியர்த்துப் படபடத்து அரை மணிநேரம் படுத்திருக்கிறேன். சிகரெட் பிடிப்பவர்கள் விட்டே ஆக வேண்டும், தையலில் புண் வரும். அதே காரணத்துக்காக டைக்ளோபெனாக், புரூபன் வகை மாத்திரைகளும் கூடாது. எனக்கு முழங்கால் வலி, இதுதான் பெரிய கவலையாக இருந்தது. தினம் வலி மாத்திரை இல்லாமல் முடியாது என்கிறவர்கள் அதை டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் ஆபீசில் எரிச்சலைக் காரணமாகக் காட்ட வேண்டாம், பாலிசிப் பட்டியலில் அது இல்லை. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40-க்கு மேல் இருந்ததால் எனக்குக் கிடைத்தது.

இப்போது ஒரே தலையணை. போன மாதம் பல்வலிக்கு மெடிக்கலில் கேட்டதும் பையன் டைக்ளோபெனாக் அட்டையைத்தான் எடுத்து நீட்டினான். அன்றிலிருந்து பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: "பைபாஸ் ஆனவர். பாராசிட்டமால் மட்டும்."