கோட்டுக்குப் போய் வழக்குப் பார்ப்பது எப்படி

வழக்கு இல்லாதவருக்குக் கோட்டடியில் என்ன வேலை என்று கேற்றிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்று இலங்கை அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை சொல்கிறது. வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு எதுவானாலும் கடிதம் வேண்டாம், கட்டணம் இல்லை. வாசலில் பொலிஸ் கேட்டால் "வழக்குப் பார்க்க வந்தேன்" என்றால் சரி. அடையாள அட்டையை மட்டும் மறக்க வேண்டாம்.

குடும்ப விவகாரம், பாலியல் குற்றம், தேசிய பாதுகாப்பு போன்றவற்றில் நீதிபதி வெளியாட்களை விலக்கலாம். எழும்பச் சொன்னால் காரணம் கேட்காமல் எழும்பிவிடுங்கள். இன்னொரு முக்கியமான விசயம்: அந்த வழக்கில் நீங்களே சாட்சி என்றால், சாட்சியம் சொல்லி முடியும்வரை உள்ளே இருக்கக்கூடாது. மற்றவர் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கூண்டில் ஏறினால் உங்கள் சாட்சியத்தின் பெறுமதி போய்விடும்.

முதல் தடவை போகிறவர், குற்ற வழக்குகள் முதலில் வரும் நீதவான் நீதிமன்றத்துக்குப் போவது நல்லது. காணி வழக்கு நடக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் உறுதிப்பத்திரத்தையும் வரைபடத்தையும் புரட்டுவதிலேயே காலை போய்விடும், பார்ப்பவருக்குத் தலையும் வாலும் பிடிபடாது. கொலை போன்ற பெரிய வழக்கின் முழு விசாரணை மேல் நீதிமன்றத்தில்தான்.

ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வருபவர்கள் முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் காலையின் பாதி போய்விடும். காற்சட்டை நீளமாக இருக்கட்டும், கையில்லாத சட்டை வேண்டாம், தொப்பியைக் கழற்றுங்கள். போனை அமர்த்துங்கள். 'சைலன்ற்' போதாது, வாங்கில் வைத்த போன் அதிர்ந்தாலும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். படம் எடுப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் கூடவே கூடாது.

நீதிபதி வரும்போது எல்லோரும் எழும்புவார்கள், நீங்களும் எழும்புங்கள். இடையில் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் நீதிபதியின் இருக்கையை நோக்கித் தலைகுனிய வேண்டும். முன் கதிரைகள் சட்டத்தரணிகளுக்கு, பின் வாங்குகள்தான் பொதுமக்களுக்கு. கால்மேல் கால் போட்டால் பொலிஸ் வந்து தட்டுவார். மின்விசிறிக்கு நேர்கீழே இருக்காதீர்கள்: காற்று வரும், பேச்சுக் கேட்காது.

காலையில் நடப்பது பெரும்பாலும் தவணை போடுவதுதான். வழக்கு இலக்கமும் பெயரும் கூப்பிடுவார்கள், ஆள் முன்னால் போவார், ஓரிரு நிமிடத்தில் அடுத்த திகதியோடு திரும்புவார். இதைப் பார்த்துச் சலித்து எழும்புகிறவர்கள் அதிகம். விளக்கத்துக்கு, அதாவது சாட்சிகளைக் கேட்கும் விசாரணைக்கு, எடுத்த வழக்கு இதற்குப் பிறகுதான் வரும், பொறுத்திருங்கள். 'எதிரி' என்றால் பகையாளி அல்ல, குற்றம் சாட்டப்பட்டவர். அவர் 'சுற்றவாளி' என்று சொன்னால் குற்றம் செய்யவில்லை என்கிறார். இது காதில் 'குற்றவாளி' மாதிரி விழுவதால் புதிதாக வருகிறவர்கள் கதையைத் தலைகீழாக விளங்கிக்கொள்வார்கள். 'விளக்கமறியல்' தண்டனை அல்ல, விசாரணை நடக்கும்போது தடுத்து வைப்பது. 14 நாள் என்று அடிக்கடி கேட்பீர்கள், அது முடிய மறுபடி கொண்டுவருவார்கள்.

வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ். சிங்களத்தில் சாட்சி சொல்லும் பொலிஸ் வந்தால் மொழிபெயர்ப்பாளர் வசனம் வசனமாகச் சொல்வார். விசாரணை இரட்டிப்பு நேரம் எடுக்கும், ஆனால் பார்க்க வந்தவருக்கு அதுதான் வசதி: ஒவ்வொரு கேள்வியையும் யோசிக்க இடைவெளி கிடைக்கும்.

ஒரு வழக்கைத் தொடர்ந்து பார்க்க விரும்பினால் இலக்கத்தையும் அடுத்த தவணைத் திகதியையும் வெளியே வந்தவுடன் எழுதிவையுங்கள். பதிவாளர் அலுவலகத்தில் பெயரைச் சொல்லித் தேடுவது சிரமம், இலக்கம் இருந்தால் சுலபம். அவசரமும் வேண்டாம். 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் தாக்கலான, இறுதி யுத்தத்தில் சரணடைந்தோர் பற்றிய ஆட்கொணர்வு மனுக்கள் (தடுத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரக் கேட்கும் மனுக்கள்) சிலவற்றுக்கு 2022 டிசெம்பரில்தான் தீர்ப்பு வந்தது.