நீர்த்துப் போகாத நன்னாரி சர்பத்: ஜெலட்டின் ஐஸ் கட்டி போடும் முறை

தண்டையார்பேட்டையில் மே மாத மதியம் சர்பத் கலந்து ஐஸ் போட்டுக் குடித்தவர்களுக்குத் தெரியும், கடைசி இரண்டு மடக்கு வெறும் தண்ணீர்தான். அந்த எரிச்சலில்தான் போன கோடையில் ஜெலட்டினைக் கையில் எடுத்தேன். சர்பத்தையே ஜெலட்டின் சேர்த்து உறைய வைத்துவிட்டால், கட்டி இளகினாலும் சர்பத்தில் சேர்வது சர்பத்தேதான், குளிர் விட்ட பிறகு டம்ளர் அடியில் ஜெல்லி வேறு மிஞ்சும். எங்கள் வீட்டு வாண்டுகள் அந்த ஜெல்லிக்காகவே இரண்டாவது டம்ளர் கேட்கிறார்கள்.

கணக்கு இதுதான்: மொத்தம் 250 மில்லிக்கு 10 கிராம் ஜெலட்டின் பவுடர், அதாவது தலைதட்டி ஒரு டேபிள்ஸ்பூன். கிண்ணத்தில் தளதளவென்று ஆடும் ஜெல்லிக்கு இதில் பாதி போதும், ஆனால் நமக்கு டம்ளரில் உருக்குலையாத கட்டி வேண்டும். சர்க்கரையும் கலரும் சேர்த்து வரும் ஜெல்லி மிக்ஸ் பாக்கெட் வேண்டாம், பாரிமுனைப் பக்கம் கேக் சாமான் விற்கும் கடைகளில் எதுவும் கலக்காத பவுடரே கிடைக்கிறது. தண்ணீர் கேன் தண்ணீராக இருக்கட்டும், எங்கள் போர் தண்ணீரில் செய்தபோது உப்புக் கரித்தது.

இப்போது நான் கோட்டை விட்ட இடம். முதல் தடவை கொதிக்கிற சர்பத்தில் பவுடரை அப்படியே கொட்டினேன். மீன் சினை மாதிரி உருண்டை உருண்டையாக மிதந்தது, கரண்டியால் நசுக்கப் போனால் வழுக்கிக்கொண்டு ஓடியது. சூடு பட்டதும் உருண்டையின் வெளிப்பக்கம் பசையாகிவிடுகிறது, அதைத் தாண்டி உள்ளே இருக்கும் பவுடருக்கு ஈரம் போவதில்லை. சரி, கரையட்டும் என்று கால் மணி நேரம் கொதிக்க விட்டேன், அது அதைவிடப் பெரிய தப்பு. ஜெலட்டின் புரதம், அதைப் போட்டுக் கொதிக்க விட்டால் உறையும் சக்தி குறைந்துவிடும். மறுநாள் காலையில் ட்ரேயில் இருந்தது கஞ்சி.

அதனால் முதலில் ஊற வையுங்கள். அகலமான கிண்ணத்தில் 60 மில்லி குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, கோலப்பொடி தூவுவது போல் பவுடரை மேலே பரவலாகத் தூவி, கிளறாமல் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஈர ஸ்பாஞ்ச் போல் உப்பி நிற்கும். அப்புறம் மீதி 190 மில்லி சர்பத்தை ஓரத்தில் சின்னக் குமிழி வரும் வரை சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு, ஊறியதை அதில் போட்டு இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள். கரண்டியைத் தூக்கிப் பின்பக்கம் பாருங்கள், மணல் மாதிரி தெரிந்தால் இன்னும் கரையவில்லை. சர்பத் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும், சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். எலுமிச்சையைச் சூடு தணிந்த பிறகு பிழியுங்கள்.

ட்ரே விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு, சிலிகான்தான். எம்.சி. ரோடு நடைபாதையில் மலிவாக வாங்கிய கெட்டி பிளாஸ்டிக் ட்ரேயில் கட்டி ஒட்டிக்கொண்டு கத்தியால் நெம்ப வேண்டியிருந்தது. அதுதான் இருக்கிறதென்றால் அடிப்பாகத்தை ஐந்து நொடி வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டிவிட்டுத் தட்டுங்கள்.

ஊற்றியதும் நேராக ஃப்ரீசருக்குப் போகாதீர்கள். நான்கு மணி நேரம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உறையட்டும், அப்புறம் ஃப்ரீசர். அவசரப்பட்டால் ஜெல்லி பிடிப்பதற்குள் ஐஸ் பிடித்து நறநறவென்று ஆகிவிடுகிறது. கரண்ட் போய்க் கட்டி இளகிவிட்டால் மறுபடி உறைய வைக்காமல் அன்றைக்கே காலி செய்துவிடுங்கள். அதே நேரம் காசிமேட்டில் மீனுக்கு உடைக்கிற ஐஸ் பார் பக்கம் போய்விடாதீர்கள், அது குடிக்கிற ஐஸ் இல்லை.

பன்னீர் சோடாவுக்கு என்றால் சோடாவை முதலில் ஊற்றிவிட்டுக் கட்டியை ஒவ்வொன்றாக இறக்குங்கள். கட்டி மேல் சோடாவை ஊற்றி மேசையெல்லாம் நுரை வழிந்தது எங்கள் வீட்டில்.

பிறகு சேர்த்தது: அன்னாசிச் சாற்றில் செய்தேன், ராத்திரி முழுக்க வைத்தும் உறையவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். பச்சை அன்னாசியிலும் பப்பாளியிலும் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறது. கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதே வேலையை ஜெலட்டினிடமும் காட்டிவிடும். சாற்றை மட்டும் தனியாகச் சில நிமிடம் கொதிக்க வைத்து ஆற்றிய பிறகு சேர்த்தால் பிரச்சினை இல்லை.

இன்னொன்று: ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. சைவக்காரர்கள் வந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், ஹலால் பார்ப்பவர்கள் பாக்கெட்டில் முத்திரை பார்த்து வாங்குங்கள். மாற்று வேண்டுமென்றால் நோன்பு மாதத்தில் மண்ணடிப் பக்கம் வீட்டுக்கு வீடு செய்கிற கடல்பாசி (அகர் அகர்) இருக்கவே இருக்கிறது. ஆனால் அதற்கு முறை நேர் எதிர், இழை மறையும் வரை நன்றாகக் கொதிக்க வேண்டும், வெளியில் வைத்தாலே உறைந்துவிடும், வெயிலுக்கும் அசையாது. ஃப்ரீசரில் மட்டும் வைக்கக் கூடாது. நான் வைத்தேன், எடுத்து இளகியதும் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் பிழிந்த மாதிரி தண்ணீர் ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம். கடல்பாசியைத் துண்டு போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டு, குளிர்ச்சிக்கு வெறும் சர்பத்தை ஐஸ் ட்ரேயில் உறைய வைத்துப் போடுங்கள்.