டிவிக்குப் படம் அனுப்பும் வீட்டு சர்வர் மக்கர் செய்தால்

பழைய லேப்டாப்பில் ஜெல்லிஃபின் (கணினியில் உள்ள படங்களை டிவிக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள்) போட்டாயிற்று. படங்கள் இருக்கும் ஃபோல்டரைச் சேர்த்தாயிற்று. லேப்டாப் பிரவுசரில் எல்லாம் நன்றாக ஓடுகிறது, டிவியில் மட்டும் ஒன்றையும் காணோம். இந்த இடத்தில் பலர் ஜெல்லிஃபினை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்கள், இல்லையென்றால் வேறொரு சர்வர் மென்பொருளைத் தேடிப் போவார்கள். இரண்டுமே வீண் வேலை. லேப்டாப்பில் ஓடுகிறது என்றால் சர்வர் நலமாகவே இருக்கிறது. கோளாறு நடுவில் இருக்கும் நெட்வொர்க்கில், அல்லது டிவிக்கு ஒத்துக்கொள்ளாத ஃபைலில்.

ஆகவே முதலில் உங்கள் பிரச்சினை எந்த ரகம் என்று பாருங்கள். சர்வரின் பெயரே டிவியில் வரவில்லையா? பெயர் வந்தும் படம் ஓடவில்லையா? இரண்டுக்கும் மருந்து வேறு.

என்னிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப், ஹாலில் ஒரு ஸ்மார்ட் டிவி, படுக்கையறையில் ஒரு பழைய டிவி. லினக்ஸ், ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கும் நெட்வொர்க் பகுதி அப்படியே பொருந்தும். நிறுவுவது எப்படி என்று எழுதவில்லை, அது நாலு கிளிக்தான்.

ஆப் இருந்தால் ஆப்பையே பயன்படுத்துங்கள்

ஆண்ட்ராய்டு டிவி, ஃபயர் டிவி ஸ்டிக், ஓரளவு புதிய எல்ஜி டிவி, இவற்றின் ஆப் ஸ்டோரிலேயே ஜெல்லிஃபின் கிடைக்கிறது. அதைப் போட்டு, சர்வரின் முகவரியைக் கையால் தட்டிவிட்டால் வேலை முடிந்தது. சர்வரைத் தானாகக் கண்டுபிடிக்கும் சமாச்சாரமே அங்கே தேவைப்படாது. முகவரி என்பது உங்கள் லேப்டாப்பின் ஐபி (வீட்டு நெட்வொர்க்கில் அதற்குக் கிடைத்த எண்), அதன் பின்னால் ஜெல்லிஃபினின் போர்ட் எண் 8096. உதாரணமாக 192.168.1.5:8096.

ஆப் இல்லாத பழைய டிவிக்குத்தான் டிஎல்என்ஏ, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் சர்வரை டிவி தானே கண்டுபிடித்துப் படம் ஓட்டும் முறை. 2003-ல் சோனி, இன்டெல் போன்றவர்கள் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு இது. அந்த அமைப்பையே 2017-ல் கலைத்துவிட்டார்கள், ஆனால் டிவிகளுக்குள் அது இன்னும் இருக்கிறது. டிவியின் சோர்ஸ் பட்டியலில் எச்டிஎம்ஐ-க்குப் பக்கத்தில் சர்வரின் பெயர் வரும். என் கருத்தைக் கேட்டால், வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை நாடுங்கள்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 2024-ல் வந்த 10.9 பதிப்பிலிருந்து ஜெல்லிஃபினோடு டிஎல்என்ஏ சேர்ந்து வருவதில்லை, தனி பிளகின் ஆகிவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அமைப்புகளில் டிஎல்என்ஏ பக்கத்தைத் தேடினால் கிடைக்காது. டாஷ்போர்டில் பிளகின் கேட்டலாக்கைத் திறந்து அதை நிறுவி, சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு பிளகினின் அமைப்பில் 'டிஃபால்ட் யூசர்' என்ற இடத்தில் உங்கள் பயனர் பெயரைத் தேர்ந்தெடுங்கள். டிவிக்கு யாருடைய படங்களைக் காட்டுவது என்பது அங்கேதான் முடிவாகிறது. டிவியில் பெயர் வந்து, உள்ளே போனால் காலியாக இருக்கிறதென்றால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

ஃபோனை வைத்து ஒரு சோதனை

டிவி எந்த வைஃபையில் இருக்கிறதோ அதே வைஃபையில் ஃபோனை இணையுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். ஃபோன் பிரவுசரில் சர்வர் முகவரியைத் தட்டுங்கள்.

பக்கம் திறந்தால் வழி இருக்கிறது, சர்வர் தன்னை அறிவிப்பது மட்டும் டிவியை எட்டவில்லை. திறக்கவில்லை என்றால் ஒன்று லேப்டாப்பின் ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது ஃபோனும் லேப்டாப்பும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன.

அப்புறம் ஃபோனில் விஎல்சி என்ற வீடியோ பிளேயரைப் போட்டு, அதில் லோக்கல் நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். டிஎல்என்ஏ சர்வர்கள் அதில் தெரியும். விஎல்சியில் தெரிந்து டிவியில் தெரியவில்லை என்றால் டிவியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு மாட்டுங்கள். ரிமோட்டில் அணைப்பது அணைப்பதே இல்லை, டிவி உள்ளே பழைய பட்டியலை வைத்துக்கொண்டு தூங்குகிறது. இதற்கென்று தனிக் கருவிகள் நிறைய உண்டு. விஎல்சியே போதும்.

வீட்டில் இரண்டு ரவுட்டர் இருக்கிறதா?

இந்த ஒரு பிரச்சினைக்காகத்தான் இந்தப் பதிவே.

பிராட்பேண்ட்காரர் மாட்டிவிட்டுப் போகும் ஃபைபர் பெட்டியிலேயே வைஃபை இருக்கும். மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று நாம் இன்னொரு ரவுட்டர் வாங்கி, அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் இழுத்து அதன் வான் போர்ட்டில் (இன்டர்நெட் உள்ளே வரும் துளை) சொருகிவிடுவோம். இன்டர்நெட் இரண்டு இடத்திலும் வரும், டிவியில் யூடியூப் ஓடும். எனவே நெட்வொர்க்கின் மேல் யாருக்கும் சந்தேகமே வராது.

டிவியின் நெட்வொர்க் அமைப்பில் அதன் ஐபியைப் பாருங்கள். லேப்டாப்பின் ஐபியையும் பாருங்கள். லேப்டாப் 192.168.1.5, டிவி 192.168.0.104 என்று இருந்தால் ஆசாமி பிடிபட்டான். மூன்றாவது எண் வேறுபடுகிறது, அதாவது வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகள். வைஃபைக்கு ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு கொடுத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும், பெயரை வைத்து ஏமாந்துவிடக் கூடாது.

டிஎல்என்ஏ டிவி சர்வரைத் தேடும்போது 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900 போர்ட்டில், 'யாராவது இருக்கிறீர்களா' என்று ஒரு குரல் கொடுக்கும். சர்வர் அதைக் கேட்டுப் பதில் சொல்லும். இந்தக் குரலை ரவுட்டர் தன் எல்லையைத் தாண்ட விடாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டிவி இரண்டாவது ரவுட்டரிலும் லேப்டாப் ஃபைபர் பெட்டியிலும் இருந்தால், ஆப்பில் முகவரியைக் கையால் தட்டினால் படம் ஓடிவிடும், ஏனென்றால் உள்ளிருந்து வெளியே போக வழி உண்டு. இடத்தை மாற்றி வைத்தால் அதுவும் ஓடாது. 'நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை' என்பவர்களில் சிலருடைய லேப்டாப் வேறு வைஃபையைப் பிடித்திருக்கும், அவ்வளவுதான்.

தீர்வு, இரண்டாவது ரவுட்டரை அக்செஸ் பாயின்ட் ஆக்குவது, அதாவது தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபையை மட்டும் பரப்ப வைப்பது. அதன் அமைப்பில் 'ஆபரேஷன் மோட்' போன்ற பெயரில் ஓர் இடம் இருக்கும். அங்கே அக்செஸ் பாயின்ட்டைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் அது ரீஸ்டார்ட் ஆகும். அதற்குப் பிறகு பழைய 192.168.0.1 முகவரியில் அதன் பக்கம் திறக்காமல் போகலாம். பயப்பட வேண்டாம், ஃபைபர் பெட்டியின் சாதனப் பட்டியலில் புது முகவரி இருக்கும்.

அந்த மோட் இல்லாத ரவுட்டர் என்றால் கையால் செய்ய வேண்டும். இங்கே வரிசை மிக முக்கியம். கேபிளை லேப்டாப்பிலிருந்து நேராக இரண்டாவது ரவுட்டருக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் அதன் லான் ஐபியை (வீட்டுப் பக்கத்து முகவரி) 192.168.1.2 போல, ஃபைபர் பெட்டியின் வரிசையில் யாரும் பயன்படுத்தாத ஓர் எண்ணாக மாற்றுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் புது முகவரியில் உள்ளே போய், சாதனங்களுக்கு ஐபி வழங்கும் டிஎச்சிபியை அணையுங்கள். கடைசியாக, ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை வான் போர்ட்டிலிருந்து பிடுங்கி ஒரு லான் போர்ட்டில் சொருகுங்கள். டிஎச்சிபியை முதலில் அணைத்தால் லேப்டாப்புக்கு ஐபி கிடைக்காமல், ரவுட்டருக்குள் போக முடியாமல், கடைசியில் குண்டூசியால் ரீசெட் பட்டனைக் குத்த வேண்டியிருக்கும். பிறகு டிவியையும் லேப்டாப்பையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். இருவருக்கும் 192.168.1 என்று தொடங்கும் முகவரி வந்தால் சரி.

டிவி கெஸ்ட் வைஃபையில் இருந்தாலும் இதே கதிதான். கெஸ்ட் வைஃபையின் வேலையே சாதனங்களை ஒன்றையொன்று பார்க்க விடாமல் பிரித்து வைப்பது.

விண்டோஸ் செய்யும் தடைகள்

வைஃபை இணைப்பின் அமைப்பில் 'பப்ளிக் நெட்வொர்க்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். முதல்முறை ஃபயர்வால் அனுமதி கேட்டபோது கேன்சல் தட்டியிருந்தால், ஃபயர்வால் அனுமதிப் பட்டியலில் ஜெல்லிஃபினைத் தேடி டிக் போடுங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். அணைத்துப் பார்ப்பது சோதனைக்கு மட்டும், அதுவும் இரண்டு நிமிடம்.

லேப்டாப்பில் விபிஎன் ஓடினால் நிறுத்திப் பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் இருந்தால் 192.168.56.1 என்று ஒரு போலி இணைப்பு இருக்கும், டிஎல்என்ஏ அறிவிப்பு அதன் வழியாகப் போய் வீணாகலாம். அதை டிசேபிள் செய்து பாருங்கள்.

லேப்டாப் தூங்கினால் சர்வரும் தூங்கும். டிவியில் பெயர் தெரிந்து, தொட்டால் திறக்காததற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பவர் அமைப்பில் மூடியை மூடினால் 'ஒன்றும் செய்யாதே' என்று வையுங்கள். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் லேப்டாப்புக்குப் புது ஐபி கொடுத்துவிடலாம், அதனால் ரவுட்டரின் டிஎச்சிபி ரிசர்வேஷனில் லேப்டாப்பின் முகவரியை நிலையாக்கிவிடுங்கள்.

நாலு நிமிடம் தெரிந்து மறைகிறதா?

சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் டிவியில் தெரியும், கொஞ்ச நேரத்தில் காணாமல் போகும். ரவுட்டரிலோ ஸ்விட்சிலோ உள்ள ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்ற அமைப்பை அணைத்துப் பாருங்கள். பொதுக் குரலை யார் யாருக்குக் கடத்துவது என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதைப் புதுப்பிக்க அவ்வப்போது விசாரிக்கும் சாதனம் நெட்வொர்க்கில் இல்லையென்றால், வழக்கமான கணக்கில் 260 விநாடியில் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அந்த நாலு நிமிடக் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. அணைக்க வசதியில்லாத ரவுட்டர் என்றால் டிஎல்என்ஏ பிளகினில் அறிவிப்பு இடைவெளியைக் குறைத்துப் பாருங்கள், ஓரளவு உதவும்.

பெயர் வருகிறது, படம் ஓடவில்லை

படம் தெரிந்து சத்தம் மட்டும் இல்லையென்றால் அது டிடிஎஸ் என்ற வகை ஆடியோவாக இருக்கும். சாம்சங் 2018-லிருந்து தன் டிவிகளில் டிடிஎஸ்ஸை எடுத்துவிட்டது, எல்ஜி 2020 மாடல்களில் எடுத்தது. ஆப் வழியாகப் பார்த்தால் ஜெல்லிஃபினே ஆடியோவை மட்டும் மாற்றி அனுப்பும், பழைய லேப்டாப்பும் அதைத் தாங்கும். டிஎல்என்ஏ வழி என்றால் எக்ஸ்மீடியா ரீகோட் மென்பொருளில் வீடியோவை 'காப்பி' என்று விட்டு, ஆடியோவை மட்டும் ஏசி3 வகைக்கு, 640 கேபிபிஎஸ் ஆக மாற்றிவிடுங்கள். முழுப்படத்தையும் ஹேண்ட்பிரேக் போன்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு மணிக்கணக்கில் லேப்டாப்பைக் காய்ச்ச வேண்டாம்.

சத்தம் வந்து படம் வரவில்லையென்றால் வீடியோ வடிவம்தான். பழைய டிவி எச்இவிசி (எச்.265) என்ற புதிய வடிவத்தை ஓட்டாது. 10 பிட் எச்.264 ஃபைலைப் புது டிவிகளிலும் அநேகம் ஓட்டாது.

திக்கித் திக்கி ஓடினால் வேகம் போதவில்லை. புளூ-ரே படத்தின் வீடியோ 40 எம்பிபிஎஸ் வரை போகும், 4கே டிஸ்க் 128 வரை. பெரும்பாலான டிவிகளின் கேபிள் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். எனவே பெரிய 4கே ஃபைலுக்குக் கேபிளைவிட அருகிலிருக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மேல்.

பிறகு சேர்த்தவை

படங்கள் சேர்த்தும் நூலகம் காலியாக இருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். விண்டோஸில் ஜெல்லிஃபினை சர்வீஸாக நிறுவினால் அது வேறொரு பயனர் கணக்கில் ஓடும், உங்கள் சொந்த ஃபோல்டர்களைப் பார்க்க அதற்கு உரிமை இருக்காது. சாதாரண நிறுவலைத் தேர்ந்தெடுங்கள், அல்லது படங்களை வேறு டிரைவில் வையுங்கள்.

டாக்கரில் ஓட்டுபவர்களுக்கு: கன்டெய்னரை ஹோஸ்ட் நெட்வொர்க்கில் விடாவிட்டால் டிஎல்என்ஏ வெளியே தெரியாது.

தமிழ் சப்டைட்டில் கேள்விக்குறிகளாக வருவதாகப் பலர் கேட்டார்கள். எஸ்ஆர்டி (சப்டைட்டில்) ஃபைலை நோட்பேடில் திறந்து, யுடிஎஃப்-8 என்று சேமியுங்கள், பெயர் படத்தின் பெயராகவே இருக்கட்டும். கட்டம் கட்டமாக வந்தாலோ, 'கொ' உடைந்து கொம்பும் காலும் தனித்தனியாக நின்றாலோ அது டிவியின் எழுத்துருக் குறை, ஃபைலைத் திருத்திப் பயனில்லை. ஆப்பில் சப்டைட்டிலைப் படத்தோடு சேர்த்து எரித்து அனுப்பும் வசதியை இயக்குங்கள். அதற்கு வீடியோவையே மாற்ற வேண்டியிருப்பதால் பழைய லேப்டாப்பின் விசிறி இரையும், 4கே படம் என்றால் திணறவும் செய்யும். 1080பி ஃபைலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.